ஒரு கோலுக்கு மூன்று பூட்டு

திண்டுக்கல் மலைக்கோட்டையின் அடிவாரத்து மைதானத்தில் தகரக் கூரை போட்ட அறை ஒன்று இருந்தது. முதலில் அதில் புகையிலை மூட்டைகளை அடுக்கி வைத்திருந்தார்கள். பிறகு யாரோ ஆடு கட்டினார்கள். 1958-ஆம் வருஷம், ஒரு வியாழக்கிழமை மாலையில், அதற்குப் ‘புகழ் மண்டபம்’ என்று பெயர் வைத்தார்கள்.

பெயர் மாறியது. ஆட்டு வாடை மாறவில்லை.

விஷயம் இதுதான். வெற்றி வாலிபர் கால்பந்துக் கழகத்துக்கு இருபத்தைந்து வயது ஆகிவிட்டது. அதிலிருந்த வாலிபர்களுக்கு நாற்பது தாண்டிவிட்டது. பழைய ஆட்டக்காரர்களில் தகுதியானவர்களின் படங்களை அந்த அறையில் மாட்டிக் கௌரவிப்பது என்று முடிவாயிற்று. நல்ல முடிவுதான். யார் தகுதியானவர் என்று பேச ஆரம்பித்ததுதான் தப்பு.

அறைக்கு நாலு சுவர். ஒன்றில் கதவு. ஒன்றில் ஜன்னல். ஒன்றில் மழை பெய்தால் ஒழுகும். மிச்சமிருந்த ஒரே சுவரில் மாட்டுவதற்காக, கழகத் தலைவர் நல்லுசாமி தன் படத்தை ஆளுயரத்துக்கு எடுத்து, கண்ணாடிச் சட்டம் போட்டு, மாட்டுவண்டியில் கொண்டுவந்து இறக்கினார். அதை நிறுத்தி வைத்துப் பார்த்தால், பக்கத்தில் ஒரு காலண்டர் மாட்டக்கூட இடமில்லை.

“மத்தவங்க படத்தை எங்கய்யா மாட்டுறது?” என்று கேட்டார் செயலாளர் கருப்பணன். இவர் பள்ளிக்கூடத்தில் டிரில் வாத்தியார். கழுத்தில் எப்போதும் விசில் தொங்கும்.

“மத்தவங்களா?” என்றார் நல்லுசாமி, அப்படி ஒரு ஜாதியே உலகத்தில் இல்லாதது போல. “முப்பத்தெட்டாம் வருஷம் நம்ம கழகம் கோப்பை ஜெயிச்சது. ஒரே ஒரு கோல்ல ஜெயிச்சது. அந்தக் கோலைப் போட்டது யாரு? நான்!”

சொல்லிவிட்டு மேஜையைத் தட்டப் போனார். அறையில் மேஜை இல்லை. தன் தொடையைத் தட்டிக்கொண்டார்.

“நீ போட்டியா? பந்தை அடிச்சது என் இடது காலு!” என்று எழுந்தார் கருப்பணன்.

மூன்றாவது ஆள் பொருளாளர் வேலுசாமி. தையல்காரர். அந்தக் காலத்தில் கோல்கீப்பர். அவர் காதில் செருகியிருந்த சாக்குக்கட்டியை எடுத்து இருவரையும் சுட்டினார். “நீங்க ரெண்டு பேரும் ஆளுக்கு அரைக் கோல் போட்டதாவே வச்சுக்குவோம். அன்னிக்கு நம்ம பக்கம் ஒண்ணுகூட விழாம நின்னது யாருப்பா? பிடிச்சு வச்ச பிள்ளையாரா?”

அதற்கப்புறம் மூன்று பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். ஆகவே என்ன பேசினார்கள் என்று எழுத முடியாது.

மற்ற ஊர்களில் கோபம் வந்தால் சட்டையைப் பிடிப்பார்கள். பூட்டு செய்கிற ஊரில் அந்த வழக்கம் கிடையாது. தான் இல்லாத நேரம் பார்த்து மற்ற இருவரும் படத்தை மாட்டிவிடுவார்கள் என்று மூன்று பேருக்குமே பயம். நல்லுசாமி தன் புகையிலைச் சரக்கு அடுக்கும் கிட்டங்கியிலிருந்து பெரிய மாங்காய்ப் பூட்டு ஒன்றைக் கொண்டுவரச் சொல்லி, மேல் கொண்டியில் பூட்டினார். கருப்பணன் வீட்டுக்கு ஓடி, பித்தளைப் பூட்டுடன் வந்து நடுக் கொண்டியில் பூட்டினார். வேலுசாமி தன் கடைப் பூட்டையே கழற்றி வந்து கீழ்க் கொண்டியில் மாட்டினார். கடைக்கு என்ன செய்வது என்று அவர் யோசிக்கவில்லை.

ஒரு கதவுக்கு எதற்கு மூன்று கொண்டி என்று கேட்காதீர்கள். அது திண்டுக்கல்லில் செய்த கதவு.

இதையெல்லாம் வெளியே நின்று இரண்டு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி ஆறாம் வகுப்பு ஆனந்தமேரி. இன்னொருவன் அவளுடைய அண்ணன் பாஸ்கல்.

பாஸ்கல், கோயில் தெருச் சிறுவர் அணியின் கேப்டன். ஆனந்தமேரி அந்த அணியின் கோல்கீப்பர். கோலில் நிற்க எந்தப் பையனும் ஒத்துக்கொள்ளாததால் அவளைப் பிடித்து நிறுத்தினார்கள். பிறகு அவளைத் தாண்டிப் பந்து போகவே இல்லை. அதனால் பொம்பளைப் பிள்ளை எதற்கு என்று கேட்டவர்களும் வாயை மூடிக்கொண்டார்கள்.

மூன்று பெரிய மனிதர்களும் மூன்று திசையில் நடந்து மறைந்தார்கள். பாஸ்கல் பூட்டுகளைப் பார்த்தான். அவன் முகம் வெளிறியது.

“மேரி! நம்ம பந்து உள்ள இருக்கு!”

பங்குச்சாமியார் போன கிறிஸ்துமஸுக்குக் கொடுத்த தோல் பந்து அது. அந்தத் தெருப் பிள்ளைகளிடம் இருந்த ஒரே தோல் பந்தும் அதுதான். வீட்டில் அது ஒரு தண்ணீர்ப் பானையை உடைத்ததிலிருந்து, அது வாசல்படி ஏறக் கூடாது என்று அம்மா சொல்லிவிட்டாள். அதனால் ஆட்டம் முடிந்ததும் அந்த அறையில் ஓர் ஆணியில் தொங்கவிடுவார்கள்.

“ஞாயித்துக்கிழமை அகரத்துப் பசங்க வாராங்களே!” என்றான் பாஸ்கல்.

ஆனந்தமேரி பூட்டுகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தாள். வரச் சொன்னதே அவள்தான்.

போன மாதம் அகரத்துக்குப் போய் ஆடினார்கள். அங்கே பந்து என்பது கந்தல் துணியைத் தென்னங்கயிற்றால் சுற்றிய உருண்டை. பாதி ஆட்டத்தில் அது பிரிந்து, ஒருவன் வேட்டிக் கிழிசலை உதைத்துக்கொண்டு ஓடினான், இன்னொருவன் கயிற்றை உதைத்துக்கொண்டு ஓடினான். அகரத்துக் கேப்டன் ராமர் வெட்கத்தோடு அதைப் பொறுக்கிச் சுற்றினான். “தோல் பந்தை எங்க ஊர்ல யாருமே தொட்டதில்ல” என்றான்.

“எங்க ஊருக்கு வாங்க. தோல் பந்துல ஆடுவோம்” என்றாள் ஆனந்தமேரி. “நான் சொல்றேன்ல.”

அவர்கள் வயல் வேலையை முடித்துவிட்டு, தாடிக்கொம்பு சாலையில் வெயிலில் நடந்தே வருவார்கள். வந்து பார்த்தால் பூட்டுதான் இருக்கும்.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் அவள் சாவி கேட்கக் கிளம்பினாள்.

நல்லுசாமி கிட்டங்கியில் சாய்வு நாற்காலியில் படுத்திருந்தார். அவருடைய தொப்பை அவருக்கு முன்னால் படுத்திருந்தது.

“ஐயா, எங்க பந்து உள்ள மாட்டிக்கிச்சு. செத்த நேரம் திறந்து விட்டீங்கன்னா...”

“எனக்கென்ன தாயி, தாராளமாத் திறப்பேன். முதல்ல அந்தக் கருப்பணனைத் திறக்கச் சொல்லு.”

கருப்பணன் பள்ளி மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு சரியாக இருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“சார், எங்க பந்து...”

“டிசிப்ளின்!” என்றார் அவர். “ஒழுங்குன்னு ஒண்ணு இருக்கு. முதல்ல டைலர் திறக்கட்டும். அப்புறம் நான் திறக்குறேன்.”

வேலுசாமி கடை வாசலில் கட்டில் போட்டு உட்கார்ந்திருந்தார். கடைக்குப் பூட்டு இல்லாததால் முந்தின ராத்திரி தூங்கவே இல்லை. கண் சிவந்திருந்தது.

“மாமா, எங்க பந்து...”

“நான் கடைசிப் பூட்டுத்தானம்மா போட்டேன். முதப் பூட்டைப் போட்ட நல்லுசாமியைப் போய்க் கேளு.”

ஆனந்தமேரி மறுபடியும் கிட்டங்கிக்குப் போனாள். அங்கிருந்து மறுபடியும் பள்ளி மைதானத்துக்கு. அங்கிருந்து தையல் கடைக்கு. ஊரைச் செக்கு மாடு போலச் சுற்றியதில் செருப்பில்லாத கால் சுட்டதுதான் மிச்சம்.

வீட்டுக்கு வந்து தொப்பென்று உட்கார்ந்தாள்.

“மூணு பேரையும் அப்படியே சேர்த்து வச்சு...” என்று பல்லைக் கடித்தாள்.

“சேர்த்து வச்சு?” என்றான் பாஸ்கல்.

“தெரியல. முதல்ல சேர்ந்தாத்தானே!”

“பேசாம கதவை உடைச்சிருவோமா?”

“உடைச்சா அப்புறம் பந்து வைக்க அறை இருக்காது. அம்மா வீட்டுக்குள்ள விடவும் மாட்டா. நம்ம பந்தை உன் தலையில சுமந்துக்கிட்டுத்தான் திரியணும்.”

சனிக்கிழமை காலையில், குழாயடியில் குடம் நிறைவதற்காகக் காத்திருந்தபோது அவளுக்கு ஒன்று தோன்றியது. சாவியைப் பற்றிக் கேட்டால் மூன்று பேரும் ஒரு வரியில் பேச்சை முடித்துவிடுகிறார்கள். அந்தக் கோலைப் பற்றி யாராவது வாயெடுத்தால் போதும், ஊர் அடங்கும்வரை பேசுகிறார்கள். அப்படியென்றால் சாவியைக் கேட்கக் கூடாது. கோலைத்தான் கேட்க வேண்டும்.

குடத்தை இறக்கி வைத்துவிட்டு நேராகக் கிட்டங்கிக்கு ஓடினாள்.

“ஐயா, அகரத்துப் பசங்க நாளைக்கு வாராங்க. அந்த முப்பத்தெட்டாம் வருஷக் கோலை எப்படிப் போட்டாங்கன்னு ராமர் அன்னிக்கே கேட்டான். எனக்குச் சொல்லத் தெரியல. நீங்க வந்து செஞ்சு காட்டுறீங்களா?”

அது பொய்யில்லை. ராமர் கேட்கத்தான் செய்தான்.

நல்லுசாமி சாய்வு நாற்காலியிலிருந்து நிமிர்ந்தார். அவர் அப்படி நிமிர்ந்து வருஷம் எத்தனையோ ஆகியிருக்கும். நாற்காலியே ஒரு சத்தம் போட்டது.

“செஞ்சு காட்டவா? காட்டுறேன்! எத்தனை மணிக்கு?”

“சாயங்காலம் நாலு மணிக்கு. ஆனா பந்து உள்ள இருக்குங்கய்யா. அதனால சாவியையும்...”

“அதெல்லாம் கொண்டாந்துருவேன், நீ போ!”

கருப்பணன் சாருக்கும் அதே கேள்விதான். அவர் இடது காலைத் தூக்கி, முழங்காலை மடக்கி நீட்டிப் பார்த்துக்கொண்டார். வேலுசாமி மாமா தைத்துக்கொண்டிருந்த சட்டைக்குக் கையைத் தப்பாக மாற்றித் தைத்துவிட்டு, “வாரேன் தாயி, வாரேன்” என்றார்.

“மத்தவங்க வருவாங்களா?” என்று மூன்று பேருமே கேட்டார்கள்.

“எல்லாரையும்தான் கூப்பிட்டிருக்கேன்” என்று மூன்று பேரிடமும் சொன்னாள்.

“வரட்டும், வரட்டும். வந்து பாக்கட்டும்” என்று மூன்று பேருமே சொன்னார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அகரத்துப் பிள்ளைகள் முழங்கால் வரை புழுதியோடு வந்து சேர்ந்தார்கள். வந்ததும் ராமர் கேட்ட முதல் கேள்வி, “பந்து எங்க?”

“உள்ள.”

ராமர் கதவைப் பார்த்தான். “ஒரு பந்துக்கு எதுக்குப்பா இம்புட்டுப் பூட்டு? தங்கத்துல செஞ்சதா?”

“ஏலே, அது ஒரு பெரிய கதை” என்றான் பாஸ்கல். “பெரியவங்க கதை.”

நாலு மணிக்கு மூன்று பேரும் மூன்று திசையிலிருந்து வந்தார்கள். நல்லுசாமி வேட்டியை மடித்துக் கட்டி, தலையில் துண்டை முண்டாசாகச் சுற்றியிருந்தார். கருப்பணன் அரைக்கால் சட்டையில் இருந்தார். வேலுசாமி முழங்காலுக்குத் துணிப்பட்டை தைத்துக் கட்டியிருந்தார். கதவருகே வந்ததும் அவரவர் பூட்டுக்கு எதிரே அவரவர் சாவியோடு நின்றார்கள். நின்றார்கள் என்றால், நின்றுகொண்டே இருந்தார்கள்.

“திறக்க வேண்டியதுதானே” என்றார் நல்லுசாமி.

“தலைவர் முதல்ல திறக்கட்டும்” என்றார் கருப்பணன்.

“முதல்ல திறந்தா, விட்டுக் குடுத்த மாதிரி ஆயிரும்ல” என்றார் வேலுசாமி. மற்ற இருவரும் மனசுக்குள் வைத்திருந்ததை அவர் வாய்விட்டுச் சொல்லிவிட்டார்.

அகரத்துப் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். ஒரு சின்னப் பயல் கொட்டாவி விட்டான்.

“சார், அந்த விசிலை இப்படிக் குடுங்க” என்றாள் ஆனந்தமேரி. “நான் ஊதினதும் மூணு பேரும் ஒண்ணாத் திருகணும். யாரும் முதலும் இல்ல, யாரும் கடைசியும் இல்ல.”

அதில் யாருக்கும் குறை சொல்லத் தோன்றவில்லை. அவள் ஊதினாள்.

ஒரு சாவிகூட அசையவில்லை. மூன்று பேரும் மற்ற இருவரின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“ஐயோ!” என்றாள் ஆனந்தமேரி. “நாங்க பெனால்டி அடிக்கிறப்பகூட இம்புட்டு ஏமாத்த மாட்டோம்! கண்ணை மூடுங்க எல்லாரும்!”

பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். மூன்று பேரும் கண்ணை மூடினார்கள். அவள் காது கிழிய ஊதினாள். டக், டக், டக்.

கதவு திறந்தது. பாஸ்கல் நல்லுசாமியின் ஆளுயரப் படத்தைச் சுற்றிக்கொண்டு உள்ளே போய்ப் பந்தை எடுத்து வந்தான். ராமர் அதை இரண்டு கையாலும் வாங்கினான். தையலைத் தடவினான். முகர்ந்துகூடப் பார்த்தான்.

“ஆட்டம் ஆரம்பிக்கலாமா?” என்றான்.

“இரு தம்பி, முதல்ல கோல்!” என்றார் நல்லுசாமி.

சொன்னால் சொன்னதுதானே. ஆனந்தமேரி கோலில் போய் நின்றாள்.

முப்பத்தெட்டாம் வருஷக் கோல் இப்படித்தான் தொடங்கியதாம். வேலுசாமி தூரத்திலிருந்து பந்தை ஓங்கி உதைத்தார். பந்து இடது பக்கமாகப் போனது. கருப்பணன் பந்தை நோக்கி ஓடினார் என்று எழுத ஆசைதான், வேகமாக நடந்தார். இடது காலால் கோலுக்கு முன்னால் தூக்கி அடித்தார். அங்கே காத்திருந்த நல்லுசாமி பந்தை முட்டுவதற்காக எம்பிக் குதித்தார். பூமியை விட்டுக் கிளம்பியது அவருடைய முண்டாசு மட்டும்தான்.

பந்து ஆனந்தமேரியின் கையில் வந்து உட்கார்ந்தது.

“காத்து! எதிர்க்காத்து!” என்றார் நல்லுசாமி.

மறுபடியும் அடித்தார்கள். பந்து வருவதற்கு முன்பே குதித்தார். அடுத்த தடவை பந்து போன பிறகு குதித்தார். அதற்கடுத்த தடவை குதிக்கவில்லை, மூச்சு வாங்கியது.

“அன்னிக்கு மட்டும் எப்படிடா குதிச்சே?” என்று தூரத்திலிருந்து கத்தினார் வேலுசாமி.

“அவன் எங்க குதிச்சான்?” என்றார் கருப்பணன். “ஏ டைலரு, இன்னொண்ணு அடி!”

வேலுசாமி அடித்தார். கருப்பணன் காலைத் தூக்கினார். அந்த நேரத்தில் அகரத்துப் பிள்ளைகள் பக்கமிருந்து ஒரு சிரிப்பு வெடித்தது. நல்லுசாமி பொறுக்கமாட்டாமல் விருட்டென்று திரும்பினார்.

“யாருலே அது சிரிச்ச...”

பட்!

பந்து அவருடைய பின்மண்டையில் விழுந்து, தெறித்து, ஆனந்தமேரி நினைத்தே பார்க்காத ஒரு மூலை வழியாகக் கோலுக்குள் போய்விட்டது.

 அவளைத் தாண்டிப் பந்து போனதைக் கோயில் தெருப் பிள்ளைகள் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

கருப்பணன் தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “இதுதான்! இதேதான்! அன்னிக்கும் ரெஃபரியோட சண்டை போட்டுக்கிட்டுத் திரும்பித்தான்டா நின்னே! பந்து வந்ததே உனக்குத் தெரியாது! எல்லாரும் ஓடி வந்து உன்னைத் தோள்ல தூக்குனப்ப, ரெஃபரி நீ சொன்னதை ஒத்துக்கிட்டார்னு நினைச்சே!”

நல்லுசாமி பின்மண்டையைத் தடவிக்கொண்டே நின்றார். வெகுநேரம் தடவினார்.

“ஆமாலே” என்றார் கடைசியில். “குளிர் காலத்துல இந்த இடம் விண்ணுவிண்ணுன்னு வலிக்கும். எதனாலன்னு எனக்கே மறந்து போச்சு.”

அவரும் சிரித்துவிட்டார். தொப்பை தனியாகக் கொஞ்ச நேரம் சிரித்தது.

இத்தோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை.

“இருந்தாலும் தலை என்னுதுதானே?” என்றார் நல்லுசாமி.

“கால் என்னுதுல்ல?” என்றார் கருப்பணன்.

“பந்தை அனுப்புனது யாரு? தபால்காரரா?” என்று மூச்சிரைக்க ஓடி வந்தார் வேலுசாமி.

வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. இருட்டுவதற்குள் அகரத்துப் பிள்ளைகள் திரும்பி நடக்க வேண்டும். ராமர் பந்தையும் சூரியனையும் மாற்றி மாற்றிப் பார்த்தான்.

ஆனந்தமேரி பந்தை எடுத்து இடுப்பில் அணைத்துக்கொண்டு மூன்று பேருக்கும் நடுவில் வந்து நின்றாள். அவளுக்கு அழுகை வரும் போலவும் இருந்தது, கத்த வேண்டும் போலவும் இருந்தது. கத்தவில்லை.

“எங்க டீம்ல ஒரு ரூல் இருக்கு” என்றாள். “இன்னிக்கு யாரு நல்லா ஆடினாங்கன்னு ஆட்டம் முடிஞ்சதும் பேசுவோம். அப்ப அவங்கவங்க தன் பேரைச் சொல்லக் கூடாது. அடுத்தவங்களைப் பத்தித்தான் சொல்லணும்.”

“அது ஏன்?” என்றார் கருப்பணன்.

“சொன்னா சண்டை வரும்ல, சார். அதான்.”

வேப்பமரத்தைக் காட்டினாள். “அங்க நிழல்ல உக்காந்து பேசுங்க. யாரு படத்தை வேணும்னாலும் மாட்டுங்க. ஆனா உங்களைப் பத்தி நீங்க பேசக் கூடாது. கோலைப் பத்தி ஒரு வார்த்தை பேசக் கூடாது. நாங்க ஆடப் போறோம்.”

ஆட்டம் தொடங்கியது.

தோல் பந்து அகரத்துப் பிள்ளைகளுக்கு முதலில் பிடி கொடுக்கவில்லை. துணிப்பந்தை உதைக்கிற வேகத்தில் உதைத்ததில், அது மைதானம் தாண்டி மலைப்பாறை வரை ஓடியது. பிறகு பழகிக்கொண்டார்கள். பழகியபின் அவர்களைப் பிடிக்க முடியவில்லை.

வேப்பமரத்தடியில் சத்தமே இல்லை. தன்னைப் பற்றிப் பேசக் கூடாது என்றதும் மூன்று பேருக்கும் பேச எதுவுமே இல்லாமல் போய்விட்டது. ஒருவர் புல்லைக் கிள்ளினார். ஒருவர் வானத்தைப் பார்த்தார். ஒருவர் முழங்கால் பட்டையின் தையலைப் பிரித்து மறுபடியும் தைத்தார்.

இடைவேளைக்குப் பிறகு பக்கம் மாறியதால் ஆனந்தமேரியின் கோல் வேப்பமரத்துக்குப் பக்கத்தில் வந்தது. அப்போதுதான் வேலுசாமி தொண்டையைச் செருமினார்.

“நல்லுசாமி ஒண்ணு செய்வான். நாம தோத்த அன்னிக்கெல்லாம் எல்லாருக்கும் பணியாரம் வாங்கித் தருவான். ஜெயிச்ச அன்னிக்கு வாங்க மாட்டான். ஜெயிச்சவனுக்குப் பசிக்காதுடாம்பான்.”

நல்லுசாமி துண்டால் முகத்தைத் துடைத்தார். “கருப்பணன் கால்ல கட்டைவிரல் நகம் பிஞ்சு போயிருந்துச்சு” என்றார். “ஆள் இல்லன்னா டீமே நின்னுரும்னு அந்த வருஷம் பூரா அதோடதான் ஆடினான். வெறுங்கால். யார்கிட்டயும் சொல்லல. ஒருநாள் கம்மாயில கால் கழுவுறப்ப நான் பார்த்துட்டேன். சொல்லாதேன்னு சத்தியம் வாங்கிட்டான்.”

“அதை இப்பச் சொல்லிட்டியே” என்றார் கருப்பணன். குரல் டிரில் வாத்தியார் குரலாக இல்லை. பிறகு மெதுவாகச் சொன்னார்: “எரியோடு ஊர்ல போய் ஆடுனோமே. எதிர் டீம் பையன் ஒருத்தன் வெயில்ல சுருண்டு விழுந்தான். டைலர் கோலை விட்டுட்டு ஓடிப்போய் அவனுக்குத் தண்ணி குடுத்தான். அந்த நேரத்துல கோல் போட்டுட்டானுங்க. தோத்துட்டோம். நான் இவன்கூட எத்தனையோ நாள் பேசல.” நிறுத்தினார். “நான் பேசியிருக்கணும்.”

ஆனந்தமேரி காதை அந்தப் பக்கமும் கண்ணை இந்தப் பக்கமும் வைத்திருந்தாள். அந்த நேரம் பார்த்து ராமர் ஓங்கி உதைத்தான். விரல்நுனியில் உரசிக்கொண்டு பந்து உள்ளே போனது.

“கோல்ல நின்னுக்கிட்டு என்ன கதை கேக்குறே!” என்று பாஸ்கல் தலையில் கைவைத்தான்.

ஒரே கோல். அகரம் ஜெயித்தது. ராமர் பந்தைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றினான். ஒருவரும் அவனை நிறுத்தவில்லை. சுற்றி முடித்ததும் பந்தில் ஒட்டியிருந்த மண்ணைச் சட்டையால் துடைத்து ஆனந்தமேரியிடம் கொடுத்தான்.

“சொன்ன மாதிரி பந்து குடுத்துட்டே” என்றான்.

“கோலும் குடுத்துட்டேன்” என்றாள் அவள், எரிச்சலாக.

நல்லுசாமி சுந்தரம்மாள் கடைக்கு ஆள் அனுப்பி ஒரு கூடை பணியாரம் வரவழைத்தார். நடந்து வந்தவர்கள், நடந்து போக வேண்டியவர்கள் என்பதால் ஜெயித்தவர்களுக்கும் உண்டு என்று சட்டத்தைத் திருத்தினார்.

பந்து உள்ளே போனது. கதவைச் சாத்தினார்கள். வேலுசாமிக்குக் கடைப் பூட்டு வேண்டும்; எடுத்துக்கொண்டார். கருப்பணனும் தன் பித்தளைப் பூட்டை எடுத்துக்கொண்டார். மாங்காய்ப் பூட்டு மட்டும் தொங்கியது. அதன் சாவி நல்லுசாமியின் கையில் இருந்தது. மற்ற இருவரும் அந்தக் கையையே பார்த்தார்கள். நல்லுசாமியும் பார்த்தார். பெருமூச்சு விட்டார்.

“இந்தா தாயி” என்று ஆனந்தமேரியிடம் நீட்டினார். “நீயே வச்சுக்க. எங்க மூணு பேருல யாரு தனியா வந்து கேட்டாலும் குடுத்துறாதே. முக்கியமா நான் கேட்டா.”

மறுநாள் காலையில் அவள் பல் விளக்கிக்கொண்டிருந்தபோது நல்லுசாமி வந்து நின்றார்.

“சும்மாதான் தாயி. என் படத்துல எலி கிலி கடிச்சிருச்சான்னு ஒரு பார்வை...”

“சார் எங்க? டைலர் மாமா எங்க?”

நல்லுசாமி வந்த வழியே திரும்பினார். செவ்வாய்க்கிழமை கருப்பணன் வந்தார். புதன்கிழமை வேலுசாமி. ஆனந்தமேரி அதே கேள்வியைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனாள்.

சனிக்கிழமைதான் மூன்று பேரும் சேர்ந்து வந்தார்கள். ஆளுயரப் படம் மாட்டுவண்டி ஏறி வீட்டுக்குப் போனது. அது இருந்த இடத்தில் கையகலப் படங்கள் மூன்று. நல்லுசாமி படத்துக்கு வேலுசாமி ஆணி அடித்தார். கருப்பணன் படத்துக்கு நல்லுசாமி. வேலுசாமி படத்துக்குக் கருப்பணன். மிச்சச் சுவர் முழுக்கக் காலியாகக் கிடந்தது. அங்கே அடுத்து யார் படம் என்பதற்கு இரண்டு பெயர் அடிபட்டது. இரண்டில் ஒன்றுகூட அந்த மூவருடைய பெயர் இல்லை.

“கொஞ்சம் இடது பக்கம்” என்றார் ஒருவர்.

“இல்லல்ல, வலது பக்கம்.”

“நேராத்தான்யா இருக்கு! உன் கண்ணுதான் கோணல்!”

ஆனந்தமேரி அவர்களுடைய கால்களுக்கிடையே புகுந்து, ஆணியிலிருந்து பந்தை எடுத்துக்கொண்டு மைதானத்துக்கு ஓடினாள்.